ஜீப்புக்குப் புது மூக்கு வேண்டுமா?

மலைப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு விலை கொடுத்துக் காற்றுக் குழல் மாட்டுவதால் பிரயோஜனம் உண்டா?

(நமது விசேஷ நிருபர்)

விடியற்காலை மூன்றரை மணி. சூரியநெல்லிக் கடைத்தெருவில் பனி கொட்டிக் கொண்டிருந்தது. கொழுக்குமலையில் சூரியோதயம் பார்க்கப் போகிறவர்களுக்காக ஜீப்புகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று மட்டும் தனியாகக் கண்ணில் பட்டது. அதன் முன்பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு குழல் கிளம்பி, கண்ணாடியின் ஓரமாக ஏறி, கூரைக்கு மேலே தலையை நீட்டிக் கொண்டிருந்தது. ஆற்றில் இறங்கிய யானை துதிக்கையைத் தூக்கிக் கொண்டு நிற்குமே, அந்த மாதிரி!

எங்களுக்கு வாய்த்த ஜீப்புக்கு அந்த அலங்காரம் இல்லை. பழைய டீசல் வண்டி. ஓட்டியவருக்கு முப்பது வயது இருக்கலாம். நான் அந்தத் துதிக்கையைப் பார்ப்பதை அவர் கவனித்து விட்டார்.

"நானும் ஒண்ணு போடலாம்னு இருக்கேன், சார். அதோட ஏர் பில்டரையும் மாத்தினா வண்டி நல்லா இழுக்கும்னு சொல்றாங்க. ரெண்டும் சேர்ந்து முப்பதாயிரம் கேக்கறாங்க. சீட்டுப் பணம் எடுத்து வச்சிருக்கேன். போடலாமா, வேண்டாமா? நீங்க பேப்பர்லே எழுதறவங்க. நாலு பேரை விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்றார்.

முப்பதாயிரம் ரூபாய் அவருக்குச் சாமானியமான தொகை அல்ல. மழைக் காலத்தில் சவாரி குறைந்து விட்டால் குடும்பம் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். ஆகவே ஊர் திரும்பியதும் விசாரிக்க ஆரம்பித்தேன். மெக்கானிக்குகளைக் கேட்டேன். புத்தகங்களைப் புரட்டினேன். தெரிந்து கொண்டதை, அந்தத் தம்பிக்கு மட்டுமின்றி, இதே யோசனையில் இருக்கும் வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்லி விடுகிறேன்.

எஞ்சின் சாப்பிடும் சாப்பாடு

எஞ்சினுக்கு ஆகாரம் பெட்ரோல் அல்லது டீசல் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அதிகமாகச் சாப்பிடுவது காற்றைத்தான். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய வேண்டுமானால், எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! ஒரு சிறிய அறையில் உள்ள காற்றின் பெரும் பகுதியை ஒரே லிட்டர் குடித்துத் தீர்த்து விடுகிறது.

இவ்வளவு காற்றும் ஒரு குழாய் வழியாக, ஒரு சல்லடையைத் தாண்டி உள்ளே போகிறது. அந்தக் குழாயையும் சல்லடையையும் மாற்றி, அதிகக் காற்றைத் தாராளமாக உள்ளே விட்டால் எஞ்சினுக்குப் பலம் கூடும் என்பதுதான் வியாபாரிகளின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சல்லடை எதற்காக வைக்கப்பட்டது என்பதை மறந்து விட்டால்தான் அந்த நியாயம் முழு நியாயம்.

தூசிதான் முதல் எதிரி

சாலைத் தூசியில் பெரும் பகுதி மணல் துகள். கண்ணாடியைக் கீறக் கூடிய கடினம் அதற்கு உண்டு. சிலிண்டருக்குள் அது நுழைந்தால், பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டு, உப்புத்தாள் தேய்ப்பதுபோல் தேய்க்கும். கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலைவிட, தலைமயிரின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத நுண்ணிய தூசிதான் அதிகப் பொல்லாதது. எண்ணெய்ப் படலத்தின் கனமும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால், அது இடுக்கில் போய் உட்கார்ந்து கொண்டு வேலை செய்கிறது.

இந்த விஷயம் ஜீப்பை உண்டாக்கியவர்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 1941-ம் ஆண்டு யுத்த காலத்தில் வெளிவந்த வில்லிஸ் ஜீப்பில் எண்ணெய்த் தொட்டி பில்டர் இருந்தது. உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேல் மோதித் திரும்பும். தூசி எண்ணெயில் விழுந்து சேறாகித் தங்கி விடும். இன்றைக்கும் நம் கிராமங்களில் பல டிராக்டர்களில் இதே ஏற்பாட்டைக் காணலாம். தொட்டியைக் கழற்றி அடியில் படிந்த சேற்றை வழித்து எறிந்த விவசாயிகளுக்கு, எஞ்சின் எவ்வளவு மண்ணைத் தின்றிருக்கும் என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மடிப்பு மடிப்பான காகித பில்டர் வந்தது. நல்ல காகித பில்டர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தூசியைப் பிடித்து விடும். இதைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்று சர்வதேச விதிமுறையே இருக்கிறது. அந்தச் சோதனைக்கு உபயோகிக்கும் தூசி அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவன மண்ணிலிருந்து தயாராகிறது என்பது சுவையான செய்தி. பில்டர் வாங்குகிறவர், "இந்தச் சோதனையில் எத்தனை பங்கு பிடித்தது?" என்று கேட்க வேண்டும். "எவ்வளவு காற்று விடும்?" என்று மட்டும் விளம்பரம் செய்து, இந்தக் கேள்விக்கு வாய் திறக்காத சரக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது. கதவைத் திறந்து வைத்தாலும்தான் காற்று தாராளமாக வரும்; திருடனும் வருவானே!

எண்ணெய் தடவிய துணி பில்டர் ஒன்று பிரபலமாக இருக்கிறது. கழுவிக் கழுவி உபயோகிக்கலாம். அடிக்கடி புதிது வாங்கும் செலவு மிச்சம். காற்று தாராளமாகப் போகும் என்பதும் வாஸ்தவம். ஆனால் தூசியைப் பிடிப்பதில் நல்ல காகிதத்துக்கு அது பொதுவாக ஒரு படி கீழேதான். கழுவிய பிறகு எண்ணெயைக் குறைத்துத் தடவினால் தூசி நுழையும். அதிகமாகத் தடவினால், புதிய வண்டிகளில் காற்றை அளக்கும் நுண்ணிய கம்பியில் எண்ணெய் படிந்து தொல்லை கொடுக்கக் கூடும். நகரத்தில் தார் ரோட்டில் ஓடும் காருக்கு இது பெரிய விஷயம் அல்ல. ஒரு ஜீப்பின் பின்னால் இன்னொரு ஜீப் புழுதியைக் குடித்துக் கொண்டே போகும் மலைப் பாதையில், இது பெரிய விஷயம்.

குதிரைச் சக்தி கூடுமா?

"வண்டி நல்லா இழுக்கும்" என்ற பேச்சை இனிக் கவனிப்போம்.

பழைய டீசல் எஞ்சினில் எவ்வளவு டீசல் பாய வேண்டும் என்பதைப் பம்பு தீர்மானிக்கிறது. டீசல் அளவு கூடாமல் காற்று மட்டும் கூடினால் பலம் எங்கிருந்து வரும்? உலையில் போட்ட அரிசி அதே ஆழாக்கு; பானையை மட்டும் பெரிதாக மாற்றினால் சோறு பெருகுமா? பழைய பில்டர் அடைத்துப் போய் வண்டி கரும்புகை கக்கிக் கொண்டிருந்தால், புது பில்டர் போட்டதும் இழுவை திரும்பும். ஆனால் அதற்குச் சில நூறு ரூபாய்க் காகித பில்டரே போதும்.

புதிய பெட்ரோல் வண்டிகளில் கதை வேறு. அங்கே கம்ப்யூட்டர் காற்றை அளந்து அதற்குத் தக்கபடி பெட்ரோலை விடுகிறது. குழாயை விஸ்தாரமாக்கினால், எஞ்சின் உச்ச வேகத்தில் சுற்றும்போது சில குதிரைச் சக்தி கூடலாம். ஆனால் மலைப் பாதையில் வண்டி உச்ச வேகத்திலா சுற்றுகிறது? முதல் கியரில், பாறைமேல் சக்கரத்தை மெல்ல வைத்து ஏறுகிறது. அப்போது எஞ்சின் கேட்கும் காற்று சொற்பம். கம்பெனி கொடுத்த குழாயே அதற்கு ஏராளம்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்வதும் உண்டு. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் 2009-ல் இதைப் பரீட்சை செய்தார்கள். கம்ப்யூட்டர் வைத்த பெட்ரோல் கார்களில் பில்டர் அடைத்துப் போனாலும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை, வேகம் எடுப்பதில்தான் குறைகிறது என்று கண்டார்கள். அடைத்த பில்டருக்கே அப்படியென்றால், நன்றாக இருக்கும் பில்டரைக் கழற்றி விட்டு வேறு போடுவதால் மைலேஜ் எப்படிக் கூடும்?

பெட்டியே இல்லாமல் கூம்பு மாதிரி பில்டரை எஞ்சின் பக்கத்தில் திறந்தபடி மாட்டுவது இன்னொரு நாகரிகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனிக் குழாய் பெரும்பாலும் முகப்பு விளக்கின் பக்கத்திலிருந்தோ, மட்கார்டின் உள்ளிருந்தோ வெளிக் குளிர் காற்றை எடுக்கிறது. திறந்த கூம்போ, மூடிக்குள் வெந்து கிடக்கும் எஞ்சின் சூட்டுக் காற்றை எடுக்கிறது. காற்றின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் கனம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் குறையும். ஏற்றத்தில் ஊர்ந்து போகும் வண்டியின் மூடிக்குள் சூடு எவ்வளவு கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, காசு கொடுத்துப் பலத்தைக் குறைத்துக் கொள்கிறோம்! ஆனால் உறிஞ்சும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்கும். சத்தம் கூடியதும் சக்தி கூடி விட்டதாகத் தோன்றுவது மனித சுபாவம்.

கொழுக்குமலை போன்ற இடங்களில் வண்டி திணறுவதற்கு வேறு காரணமும் உண்டு. 7,000 அடிக்கு மேலே போனால், கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. எந்தக் குழலை மாட்டினாலும் ஆகாயத்தில் இல்லாத காற்றை அது கொண்டு வராது. காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ உள்ள எஞ்சின்தான் இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யும்.

துதிக்கையின் பூர்வோத்தரம்

அப்படியானால் அந்தத் துதிக்கை வெறும் அலங்காரமா? இல்லை. அதற்குக் கௌரவமான பரம்பரை உண்டு.

நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் இருந்தபடியே டீசல் எஞ்சினை ஓட்ட, மேலே குழாய் நீட்டிக் காற்று எடுக்கும் யுக்தியை யுத்தத்துக்கு முன்பே டச்சுக் கடற்படையினர் கையாண்டனர். 1940-ல் ஹாலந்தைப் பிடித்த ஜெர்மானியர் அதைத் தங்கள் கப்பல்களுக்கு எடுத்துக் கொண்டார்கள். "ஸ்நார்க்கல்" என்ற பெயரும் ஜெர்மன் மொழியிலிருந்து வந்ததுதான். பின்னர், 1950-களில் அமெரிக்கப் படைக்கு வந்த ஜீப்புகளில், ஆழமான நீரைக் கடக்கும்போது மாட்டிக் கொள்ள உயரக் குழாய்கள் தயாராயின. 1980-களில் கேமல் டிராபி பந்தயத்தில், மஞ்சள் லாண்ட் ரோவர்கள் காடும் சேறும் கடந்து போன படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழல் நன்றாக நினைவிருக்கும்.

ஆனால் இந்தக் குழல் அதிகமாக விலை போவது ஆறுகள் நிறைந்த தேசத்தில் அல்ல, வறண்ட ஆஸ்திரேலியாவில். அங்கே உள்நாட்டுப் பாதைகளில் மாவுபோன்ற சிவந்த புழுதி முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். சக்கரம் கிளப்பும் புழுதி தரைக்கு அருகில்தான் அடர்த்தி. கூரை மட்டத்தில் அது குறைவு. உயரத்தில் காற்று எடுத்தால் பில்டர் சீக்கிரம் அடைக்காது. துதிக்கையின் தலையில், டிராக்டரில் இருப்பதுபோல் காற்றைச் சுழற்றிப் பெரிய தூசியை வெளியே எறியும் குடத்தை வைத்து விட்டால் இன்னும் விசேஷம். ஆகவே, துதிக்கையால் கிடைக்கும் தினசரி லாபம் தண்ணீரில் இல்லை, தூசியில்தான்.

ஏழு தேக்கரண்டித் தண்ணீர்

தண்ணீர் என்பது தினசரி வருவதல்ல. ஒரு நாள் வரும், அன்றைக்கே எஞ்சினை முடித்து விடும்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக் கொள்வோம். பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 35 மில்லி லிட்டர்தான். ஏழு தேக்கரண்டி! அதற்கு மேல் தண்ணீர் உள்ளே நுழைந்து விட்டால், ஓடிக் கொண்டிருக்கும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் முறிந்து பிளாக்கையே துளைத்துக் கொண்டு வெளியே வரும்.

2015-ம் வருஷம் டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததே, அப்போது எத்தனையோ கார்களுக்கு இந்தக் கதி நேர்ந்தது. நின்று போன வண்டியைச் சாவி திருப்பி மறுபடி கிளப்பப் பார்த்ததால் கெட்ட எஞ்சின்களும் உண்டு. சாதாரண இன்ஷ்யூரன்ஸ் இந்த நஷ்டத்தை ஏற்றுக் கொள்வதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் கேட்க முடியும். வாசகர்கள் இதை மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும்: தண்ணீரில் வண்டி நின்று விட்டால் மறுபடி கிளப்பாதீர்கள். தள்ளிக் கரையேற்றுங்கள். மெக்கானிக் வந்து, ஸ்பார்க் பிளக்கையோ இஞ்செக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

குழல் இருந்தால் கப்பலாகி விடுமா?

கூரை வரை குழல் இருக்கிறதே, கூரை வரை தண்ணீரில் போகலாம் என்று நினைத்தால் மோசம் போவோம். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 2020-ல் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டிக்குத் துதிக்கை கிடையாது. 650 மில்லி மீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. 2021-ல் வந்த போர்ஸ் கூர்க்காவுக்குக் கம்பெனியே துதிக்கை மாட்டித் தருகிறது. அதற்குச் சொன்ன ஆழம் 700 மில்லி மீட்டர்! கூரைக்குப் பக்கத்தில் மூக்கு இருந்தும், தயாரித்தவர்கள் தொடை ஆழத்துக்கு மேல் போகச் சொல்லவில்லை. ஏன்?

வண்டிக்கு மூக்கு மட்டும்தானா இருக்கிறது? டைனமோ இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒயர்கள் இருக்கின்றன. டிபரன்ஷியலுக்கும் கியர் பெட்டிக்கும் தனித் தனியே சிறு மூச்சுக் குழாய்கள் இருக்கின்றன. ஓடிச் சூடேறிய டிபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்றுச் சுருங்கி, வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி விடும். எண்ணெய் மோராகிப் பற்சக்கரம் தேயும். துதிக்கை போடுகிறவர் இந்த மூச்சுக் குழாய்களையும் உயர்த்திக் கட்டாவிட்டால், வாசற் கதவைப் பூட்டி விட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். தவிர, ஆழம் கூடினால் வெள்ளம் வண்டியையே தூக்கிக் கொண்டு போகும். குழல் அதைத் தடுக்காது.

இன்னொரு மோசமும் உண்டு. மலிவு விலைக் குழல்களில் பல, பார்வைக்கு மட்டுமே. மேலே கம்பீரமாக நிற்கும். கீழே இணைப்பில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பில்டர் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துவாரத்தை அடைத்திருக்க மாட்டார்கள். இத்தகைய குழலை நம்பித் தண்ணீரில் இறங்குவதைவிட, குழலே இல்லாமல் பயந்து கரையில் நிற்பது உத்தமம்.

மட்கார்டை அறுத்துத் துளையிட்ட பிறகு வாரண்டி பற்றி வாக்குவாதம் வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. ஆகவே துளை போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது புத்திசாலித்தனம்.

காசில்லாத வைத்தியம்

போடியில் முப்பது வருஷமாக ஜீப் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் எனக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார்.

"பில்டரைக் கழட்டிட்டு, அதுக்கு அந்தப் பக்கம் எஞ்சினுக்குப் போற குழாய்க்குள்ளே சுத்தமான துணியைச் சுத்தி விரலை விட்டுத் துடைச்சுப் பாருங்க. துணி வெள்ளையா வந்தா வண்டிக்குச் சுகம். செம்மண் ஒட்டினா, எங்கேயோ ஓட்டை. கிளிப்பு லூசா இருக்கும், ரப்பர் வெடிச்சிருக்கும். அதைச் சரி பண்ணாம ஆயிரம் பில்டர் மாத்தினாலும் பிரயோஜனம் இல்லே" என்றார்.

காகித பில்டரைக் கம்ப்ரசர் காற்றால் பலமாக அடித்துச் சுத்தம் செய்வதையும் அவர் கண்டித்தார். அதில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்து விடுமாம். மேலும், லேசாகத் தூசி படிந்த பில்டர் புது பில்டரைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும் என்பது விஞ்ஞானிகளும் ஒப்புக் கொண்ட உண்மை. படிந்த தூசியே இன்னொரு சல்லடையாகி விடுகிறது. சும்மாச் சும்மாக் கழற்றிப் பார்ப்பதுதான் கெடுதல்.

ஆக, முடிவு என்ன? பலம் கூடும், மைலேஜ் கூடும் என்பதற்காகக் குழாயும் பில்டரும் மாற்றுவது வீண் செலவு. தினமும் புழுதியில் கும்பலாக ஓடும் வண்டிக்கும், அடிக்கடி ஓடையைக் கடக்க வேண்டிய வண்டிக்கும், நல்ல கம்பெனித் துதிக்கை, இணைப்புகளை ஒழுங்காக அடைத்து, மூச்சுக் குழாய்களையும் உயர்த்திப் போட்டால், கொடுத்த காசுக்குப் பெறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண் ரோட்டைப் பார்க்கும் வண்டிக்கு அது மாப்பிள்ளைத் தலைப்பாகை. அழகு உண்டு, அவசியம் இல்லை.

இதையெல்லாம் சூரியநெல்லித் தம்பியிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஓர் ஆறும் கடக்காத பாதை அவருடையது. புழுதி உண்டு, ஆனால் முன்னால் போகும் ஜீப்புக்குச் சற்று இடைவெளி விட்டுப் போனால் பாதிப் புழுதி குறையும். துணிச் சோதனை செய்து பார்க்கச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"துணி சிவப்பா வந்துது, சார். ரப்பர் குழாய் அடிப்பக்கம் வெடிச்சிருந்தது. எப்போ வெடிச்சுதோ தெரியலே. புதுக் குழாய், கிளிப்பு, பில்டர் எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துக்குள்ளே முடிஞ்சு போச்சு. மிச்சப் பணத்துலே பின் டயர் ரெண்டும் மாத்திட்டேன். ஏத்தத்துலே இப்போ சக்கரம் வழுக்கறதில்லே."

"துதிக்கை?" என்று கேட்டேன்.

சிரித்தார். "டூரிஸ்டுங்க அதைப் பாத்துத்தான் அந்த வண்டியிலே ஏறறாங்க, சார். அது ஒண்ணுதான் வருத்தம்!"